அந்த விளையாட்டைத் தடுக்காதீர்கள்



இந்த மாதம் ஒரு மூத்தம்மாவையும் அவருடைய பேரனையும் பற்றி எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் போட வேண்டாம் என்றார். போடவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்கள் இருக்கும். அஸர் தொழுதுவிட்டு வாசலில் இருந்தேன். ஐந்து வயதுப் பேரனைக் கையில் இறுகப் பிடித்தபடி வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ரீச்சர், இவன் ஒவ்வொரு நாளும் மையித்து விளையாடுறான். பொம்மைய வெள்ளத் துணியால சுத்துறான், வளவுக்குள்ள கிடங்கு தோண்டி அடக்குறான். பொறகு தோண்டி எடுக்கிறான். திரும்பவும் அடக்குறான். அடிச்சும் பாத்தன், கேக்கிறானில்ல. வூட்டுக்கு ஆகாத விளையாட்டு இது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

பையனின் காலில் ஈர்க்கு அடித்த கோடுகள் இருந்தன. அவன் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டபோது கதை மெல்ல வந்தது. பையனின் வாப்பா மீன்பிடிக்கப் போனவர், போன வருடம் கடலில் மௌத்தாகிவிட்டார். மூன்றாம் நாள்தான் மையித்து கரையொதுங்கியது. பிள்ளை பார்த்தால் பயந்துவிடுவான் என்று அடக்கம் முடியும்வரை பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். "வாப்பா வெளிநாட்டுக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டார்கள். நாலு மாதத்தில் உம்மா உண்மையாகவே வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். இப்போது பையனுக்கு வெளிநாடு என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். தெருப் பிள்ளைகள் மூலம் உண்மை அவன் காதுக்கு எட்டியிருக்கிறது. பெருநாளன்று மாமாவோடு மையவாடிக்கும் போய் வந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு.

பெரியவர்கள் அவனை விட்டுவிட்டு நடத்திய ஜனாஸாவை அவன் தன் வளவுக்குள் தானே நடத்திக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் அடி வாங்கினான்.

மூத்தம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நம் கரையில் அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கை முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்ததில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் ஒரு ஊர் தப்பவில்லை. நான் அப்போது முன்பள்ளி ஆசிரியை, வயதும் குறைவு. பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. இரண்டு கிழமை போகவில்லை, பிள்ளைகள் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். ஒருவன் "கடல் வருது!" என்று கத்துவான். எல்லோரும் ஓடி வாங்குகளில் ஏறுவார்கள். ஏற முடியாத சின்னது ஒன்று கீழே விழுந்து மையித்தாகக் கிடக்கும். மற்றவர்கள் அதன் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். சிரிப்புச் சத்தமும் கேட்கும்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து வகுப்பறையில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் படுத்திருக்கிறாள். இங்கே "கடல் வருது" என்கிறார்கள். பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடி விளையாட்டைக் கலைத்தேன். எல்லோரையும் வரிசையாக இருத்தி எழுத்து எழுத வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கிழமை முகாமில் இரவில் பாயை நனைத்த பிள்ளைகளின் தொகை கூடியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வாகனங்கள் வரத் தொடங்கின. இறங்குகிறவர்கள் கலர்ப் பென்சிலும் கடதாசியும் கொடுத்து, "சுனாமியை வரையுங்கள்" என்பார்கள். படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். நாலாவது வாகனம் வந்தபோது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "ரீச்சர், இவங்களுக்கும் அலதான் வரையணுமா? எனக்குப் பூன வரைய ஆச." பிள்ளை தானாக அலையை வரைவது வேறு, கேட்பவருக்காக வரைந்து கொடுப்பது வேறு. உலக நிறுவனங்கள் பல கூடி 2007இல் வெளியிட்ட அனர்த்தகால உளநல வழிகாட்டியும், நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது முன்னரே தெரிந்திருந்தது.

இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்திய இடம் மட்டக்களப்பில் இருந்தது. நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று பெயர். யுத்தம் உச்சத்தில் இருந்த 1996இல் அதைத் திறந்தார்கள். இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஹோகன் அதற்கு முன்னர் ரொறன்ரோவில் அங்கவீனமான பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் கூடி விளையாடும் தோட்டமொன்றை நடத்தியவர்.

அந்தப் பூங்காவுக்கு நாளொன்றுக்கு 50 பிள்ளைகள் அளவில் பஸ்ஸில் வருவார்கள். ஒரே பஸ்ஸில் தமிழ்க் கிராமத்துப் பிள்ளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளையும். 1990இல் இரண்டு பக்கத்திலும் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு அந்த பஸ்ஸின் பெறுமதி தெரியும். ஒரு பிள்ளைக்குக் கிழமையில் ஒரு நாள், ஒன்பது மாதம். களிமண், சாயம், கதை, பாட்டு, நாடகம், மரங்கள், செல்லப் பிராணிகள். பிள்ளைகளோடு இருந்தவர்கள் வெள்ளை அங்கி போட்ட வைத்தியர்கள் அல்ல, யுத்தத்தைத் தாங்களும் கண்ட உள்ளூர் இளைஞர் யுவதிகள். 

நான் பயிற்சிநெறி ஒன்றில் இருந்தபோது அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு சிறுமி களிமண்ணில் வீடு ஒன்று செய்து, அதைக் கையால் அடித்து நொறுக்கினாள். திரும்பவும் செய்தாள், திரும்பவும் நொறுக்கினாள். பக்கத்தில் இருந்த இளம்பெண் ஏன் என்று கேட்கவில்லை, நல்ல வீடு செய் என்று சொல்லவுமில்லை. களிமண் காய்ந்தபோது தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். எனக்கு முகாமும் பிரம்பும் ஞாபகம் வந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன்.

விளையாடினால் எப்படி மனம் ஆறும் என்று கேட்பீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் லண்டன் நகரம் விமானக் குண்டுவீச்சில் அழிந்துகொண்டிருந்தபோது, அனா ஃபிராய்ட் என்ற உளவியலாளர் பாதிப்புற்ற பிள்ளைகளுக்குப் பராமரிப்பு இல்லங்கள் நடத்தினார். குண்டுவீச்சில் தகப்பனை இழந்த ஒரு சின்னப் பையன் அங்கே இருந்தான். கடதாசியால் வீடுகள் செய்து, போளைகளால் அவற்றுக்குக் குண்டு போடுவான். ஆனால் அவன் விளையாட்டில் ஒருவரும் சாகமாட்டார்கள், இடிந்த வீடெல்லாம் திரும்பக் கட்டப்படும். மற்றப் பிள்ளைகள் அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போனார்கள், இவனால் மட்டும் நிறுத்த முடியவில்லை. தகப்பன் இறந்ததை அவன் ஏற்காதவரை விளையாட்டும் முடியவில்லை. ஏறத்தாழ அரை வருடம் போன பிறகுதான், தகப்பன் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று தன் வாயால் சொன்னான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

செல் விழுந்தபோது, அலை வந்தபோது, வாப்பாவைக் கொண்டுபோனபோது பிள்ளை செய்ய ஏதும் இருக்கவில்லை. விளையாட்டில் அலை அவன் சொல்லும்போது வரும், போ என்றால் போகும். பயத்தைச் சிரட்டைக்குள் அடங்கும் அளவுக்குச் சின்னதாக்கி, புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறான். பெரியவர்களாகிய நாம் ஒரே துக்கத்தைப் பத்துப் பேரிடம் சொல்லி அழுது ஆறுகிறோம். ஐந்து வயதுக்கு அந்தச் சொற்கள் ஏது? அவன் கையால் சொல்கிறான்.

மூத்தம்மாவிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு கடதாசிப் பெட்டியில் சிரட்டைகள், தீப்பெட்டிகள், துணித் துண்டுகள், உடைந்த பொம்மை, நூல், சின்னத் தடிகள் போட்டு வையுங்கள். மருதமுனைச் சகோதரிகளிடம் தறியில் மிஞ்சிய நூலுக்கும் துண்டுக்கும் பஞ்சமில்லை. மணல் நம் கரையில் கொட்டிக் கிடக்கிறது. மணலின் அருமையை மார்கரட் லோவன்ஃபெல்ட் என்ற வைத்தியர் 1920களின் இறுதியிலேயே கண்டார். முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் போலந்து நாட்டில் நிவாரண வேலை செய்தவர் அவர். லண்டனில் தன் சிறுவர் நிலையத்தில் மணல் தட்டும் சின்னச் சின்னச் சாமான்களும் வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே சாமான்களை மணலுக்குள் கொண்டுபோய் ஓர் உலகத்தையே அமைத்தார்கள். வாயால் சொல்லாததெல்லாம் அந்த மணலில் இருந்தது.

கிழமையில் இரண்டு நாள், அரை மணித்தியாலம் போதும். அந்த நேரத்தில் ரெலிபோன் கையில் இருக்கக் கூடாது. நிலத்தில் அவன் உயரத்துக்கு இருங்கள். என்ன விளையாடுவது என்று அவன் முடிவு செய்யட்டும். நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "பொம்மைய நல்லாச் சுத்திப் போட்டாய்", "வீடு திரும்ப இடிஞ்சு போச்சு." அதற்குமேல் வேண்டாம். "இது வாப்பாவா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். "வாப்பா சொர்க்கத்துல இரிக்கார், அழாத" என்று ஆறுதல் சொல்லவும் அவசரப்படாதீர்கள். அவன் உங்களை மையித்துத் தூக்கக் கூப்பிட்டால் தூக்குங்கள். நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்லிவிடுங்கள், திடீரென்று பறிக்க வேண்டாம். ஆளையோ உயிருள்ள பிராணியையோ நோகடிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

இன்னொன்றும் சொன்னேன்: பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார், அவர் உடம்பு மையவாடியில் இருக்கிறது, உம்மா வெளிநாட்டில் உயிரோடு வேலை செய்கிறார், இரண்டும் வேறு வேறு. இதைச் சொல்ல மூத்தம்மா மிகவும் பயந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாராம். பையன் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பிஸ்கட் கேட்டிருக்கிறான்.

"மார்க்கத்துல குத்தமில்லயா ரீச்சர்?" என்றும் கேட்டார். பலர் கேட்கும் கேள்விதான். ஆயிஷா நாயகி (ரழி) சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடியதையும் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததையும் ஹதீஸில் ஓதியிருக்கிறோம். ஆகாத விளையாட்டு, கண்ணேறு, வீட்டுக்குக் கூடாது என்பதெல்லாம் நம் பயத்தில் பிறந்த பேச்சு. தமிழ்ச் சகோதரிகளும் பிள்ளை செத்தவீடு விளையாடினால் "அபசகுனம்" என்று வாயில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பயம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

எல்லா விளையாட்டும் தானாக ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சௌசில்லா என்ற சிற்றூரில் பாடசாலை பஸ் ஒன்றை ஆயுதக்காரர் கடத்தினார்கள். 26 பிள்ளைகளையும் சாரதியையும் மண்ணுக்குள் புதைத்த வாகனமொன்றில் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். அந்தப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த வைத்தியர் லெனோர் டெர், சில பிள்ளைகளின் விளையாட்டு மாறாமல் அப்படியே சுழல்வதைக் கண்டார். சிரிப்பில்லை, புதிய முடிவில்லை, விளையாடி முடித்தபின் பயம் குறைவதுமில்லை. அப்படிப்பட்ட விளையாட்டுக்கு உதவி தேவை.

ஆகவே பார்க்க வேண்டியது என்ன விளையாடுகிறான் என்பதை அல்ல, விளையாட்டு மாறுகிறதா என்பதை. இன்று அடக்கியவன் நாளைக்குக் கப்றில் ஒரு கொப்பு நடுகிறானா, வேறு ஆள் வருகிறாரா, விளையாடி முடித்ததும் சோறு கேட்கிறானா? நல்லது, விட்டுவிடுங்கள். கிழமைக் கணக்கில் ஒரே மாதிரி, முகம் இறுகி, முடித்தபின் இன்னும் நடுங்குகிறான் என்றால், பேச்சுக் குறைந்தால், தூக்கம் கெட்டால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால் தாமதிக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். அரச ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவைக் கேளுங்கள். தொலைபேசியில் பேசுவதானால் தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. உளநலப் பிரிவுக்குப் போனால் "பைத்தியம்" என்று ஊர் சொல்லும் என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். ஊர் வந்து உங்கள் பிள்ளையோடு இரவில் விழித்திருக்கப் போவதில்லை.

யுத்தம் 2009இல் முடிந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று சிலர் கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடித்த சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள் நம்மிடையே வளர்கிறார்கள். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தோடு மத்ரஸா மாணவர்களை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த கிழமை எங்கள் தெருவில் கதிரைகளை வரிசையாக வைத்து மெஷின் ஓட்டி விளையாடினார்கள். கதிரை சரிந்து எல்லோரும் "தண்ணிக்குள்" விழுந்தார்கள். ஒரு தாய் விளக்குமாற்றோடு வெளியே வந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் படலையடியில் கதைத்தேன். அதற்குள் பிள்ளைகள் கயிறு எறிந்து எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள்.

அந்தத் தாய் பிள்ளைக்காகத்தான் விளக்குமாற்றை எடுத்தாரா? எனக்குச் சந்தேகம். முகாமில் நான் பிரம்பை எடுத்தது எனக்காகத்தான். பிள்ளையின் விளையாட்டைப் பார்த்தால் நமக்குள் மூடி வைத்தது திறந்துகொள்கிறது. ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் பயந்து வளர்ந்த பிள்ளைகள்தானே இன்று நாம் உம்மாவும் மூத்தம்மாவும் அம்மாவும் ஆகியிருக்கிறோம். நமக்கு யாரும் சிரட்டையும் மணலும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கவில்லை. பார்க்க முடியவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். அடிக்காமல் எழுந்து உள்ளே போங்கள், பொறுமையுள்ள ஒரு சாச்சியையோ ராத்தாவையோ பிள்ளையோடு இருக்கச் சொல்லுங்கள்.

மூத்தம்மாவும் முதல் நாட்களில் அப்படித்தான் செய்தார். இரண்டாம் முறை என்னிடம் வந்தபோதுதான் தன் கதையைச் சொன்னார். 1990இல் அவருடைய புருஷன் வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை. "இந்தப் பொடியன் வெள்ளத் துணிய எடுக்கக்குள்ள என்ட நெஞ்சு வெடிக்கும் ரீச்சர்" என்றார். அன்று பையனைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவரைப் பற்றியே பேசினோம், மஃரிப் வரை.

போன மாதம் மூன்றாம் முறை வந்தார். இந்த முறை வந்ததும் இருந்தார், தேத்தண்ணியும் குடித்தார்.

"ரெண்டு கப்று கட்டினான் ரீச்சர். ஒண்டு அவன்ட வாப்பாக்கு, அது எனக்குத் தெரியும். மத்தது ஆருக்கெண்டு நான் கேக்கல்ல, நீங்க கேக்க வேணாமெண்டு சொல்லியிருந்தீங்க. அவனாத்தான் சொன்னான், மூத்தாப்பாக்காம். மையவாடியில மூத்தாப்பாட கப்ற காணல்லயாம், அதான் கட்டினானாம். நான் பக்கத்துல இருந்து கைய ஏந்தி துஆ கேட்டன். அவனும் கைய ஏந்தினான்."

பையன் முற்றத்தில் சிரட்டையில் மண் நிரப்பி லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைத் துணி இன்னும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். சில நாள் எடுக்கிறான், சில நாள் எடுப்பதில்லை.